விரல் மடங்கும் நேரம்

20 ஜனவரி 2025, திங்கள்

காலை 10.10.

காலையில் பத்து விரலும் முழுதாக மடங்க எத்தனை மணி ஆகிறது என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் வேலூர் டாக்டரம்மா. நான் வேலை பார்க்கும் அங்கன்வாடியில் போன வருஷத்து எடைப் பதிவேடு ஒன்று மிச்சமிருந்தது. அதன் பின்பக்கங்களில் எழுதுகிறேன். முதலில் நேரம். பிறகு வாய்க்கு வந்தது.

நோய்க்கு அங்கே வைத்த பெயர் முடக்குவாதம். இங்கே சரவாங்கி என்பார்கள். வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மாத்திரை. அதைத் தவிர மற்ற நாட்களில் ஒரு சத்து மாத்திரை. அந்த ஞாயிற்றுக்கிழமை மாத்திரையைப் பற்றி டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார்: வாரம் ஒன்றுதான், மறந்துகூட இரண்டு கூடாது. நான் மறப்பேனா? பதினாலு பிள்ளைகளின் தடுப்பூசித் தேதி எனக்கு மனப்பாடம்.

இன்று பகல் ஒரு மணிக்குப் பதினாலு முட்டையை உரித்துக் கொடுத்தேன். அதே கையால் காலையில் பல் துலக்கும் பிரஷ்ஷைப் பிடிக்க முடியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே நம்ப மாட்டேன்.

26 ஜனவரி, ஞாயிறு

10.30. மாத்திரை போட்டேன்.

அங்கன்வாடியில் கொடியேற்றினோம். கயிற்றை நான் இழுக்கவில்லை, உதவியாளர் செல்லம்மா அக்கா இழுத்தார். நான் கைதட்டக்கூட இல்லை. யாரும் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

30 ஜனவரி, வியாழன்

10.40.

புளி உலுக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாத்தனார் சம்பூர்ணம் வீட்டு வாசலில் ஓடு உடைக்க எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நானும் போனேன். எட்டு மணிக்குக் கை எங்கே வரும்? சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"காலையில மட்டும் வர்ற நோவு இன்னா நோவும்மா அது? மத்தியானம் ஆனா மான்குட்டி மாதிரி ஓடுற" என்றார் சம்பூர்ணம் அண்ணி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. பெரியவர் ஆயிற்றே, விழுங்கிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அங்கேதான் புளி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. அவருக்குச் சின்னராசு என்று பெயர் வைத்ததற்குப் பதில் ஊமைராசு என்று வைத்திருக்கலாம். ஒன்றரை வருஷத்தில் ஒரு நாள்கூட, எங்கே வலிக்கிறது என்று கேட்டதில்லை. காலைக் கஞ்சியைக் காய்ச்சி டம்ளரில் ஊற்றி இரண்டு கைக்கும் நடுவில் வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் வாயால் ஒரு வார்த்தை?

சரி, நானும்தான் சொல்வதில்லை. ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிடும். போர்வைக்குள் ஒரு கையால் இன்னொரு கையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்குவேன். கண்ணில் தண்ணீர் வரும், சத்தம் வராது. அவர் அசையாமல் தூங்குவார். கொடுத்து வைத்தவர்.

5 பிப்ரவரி, புதன்

11 ஆகியும் இடது சுண்டுவிரல் மடங்கவில்லை.

இன்று எடை பார்க்கும் நாள். மாணிக்கம்மாளின் பேத்தி, ஏழு மாதம். தராசுத் தொட்டிலிலிருந்து தூக்கினேன். பிடித்திருக்கிறேன் என்று மனம் சொன்னது, கை பிடிக்கவில்லை. நழுவினாள். செல்லம்மா அக்கா கீழே கை கொடுத்திருக்காவிட்டால் —

குழந்தை சிரித்தது. விளையாட்டு என்று நினைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அழுதேன். பயத்தில்தான். என் அத்தை சாந்தம்மாள் கடைசி ஆறு வருஷம் இரண்டு கையும் சுருண்டு கிடந்தார். அவருக்குச் சோறு ஊட்டியவள் நான். ஊட்டும்போது அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டே மெல்லுவார். நானும் ஒரு நாள் அப்படிச் சுவரைப் பார்ப்பேனா? போளூர் ஹாஸ்டலில் இருக்கும் என் மகள் கீதாஞ்சலி பொங்கலுக்கு வந்தபோது அவள் தூங்குகையில் அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். நேராகத்தான் இருக்கின்றன. இப்போதைக்கு.

வீட்டுக்காரர் உள்ளே வந்தார். "இன்னா?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

8 பிப்ரவரி, சனி

10.50. அவர் புளி விலை கேட்க மலையிலிருந்து கீழே இறங்கிப் போய் வந்தார். வியாபாரி சந்தவாசலிலிருந்து வருவாராம்.

12 பிப்ரவரி, புதன்

8.55!

இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதுக்கு முன்னால் மடங்கி எத்தனை மாதம் ஆயிற்று. நானே தலை வாரிக்கொண்டேன்.

14 பிப்ரவரி, வெள்ளி

8.20.

செல்லம்மா அக்காவிடம் காட்டினேன், பத்து விரலையும் மூடித் திறந்து. "எம்மாடி, திருஷ்டி சுத்திப் போடு" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாத்திரை இப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது போலும். பொறுத்தார் பூமி ஆள்வார். நான் பூமியை ஆள வேண்டாம், புளியங்கொட்டை எடுத்தால் போதும்.

காலையில் அவரிடம், "கை கொஞ்சம் லேசா கீதுங்க" என்றேன். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அதைப் பார்த்தும் எத்தனை மாதம் ஆயிற்று.

17 பிப்ரவரி, திங்கள்

8.15. ஆனால் வாயில் புண். நாக்கின் ஓரத்தில் இரண்டு, உதட்டுக்குள் ஒன்று. சூடாக இருக்கும். மோர் குடித்தேன்.

19 பிப்ரவரி, புதன்

நேரம் பார்க்கவில்லை. வாயெல்லாம் புண். மூன்று தடவை வாந்தி. பிள்ளைகளுக்குச் சத்துமாவு கிண்டும்போது அந்த வாசனையே குமட்டியது.

20 பிப்ரவரி, வியாழன்

சோறு இறங்கவில்லை. குழம்பு வாயில் பட்டால் நெருப்பு. அவர் சாமைக் கஞ்சியை இன்னும் நீர்க்கக் காய்ச்சி, ஆற்றி, உப்பைக் குறைத்துக் கொடுத்தார். அது ஒன்றுதான் இறங்குகிறது. முழுவதையும் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்படி உட்கார்ந்ததே இல்லை.

22 பிப்ரவரி, சனி

குளிக்கும்போது பார்த்தேன். காலெல்லாம் சிவப்புப் புள்ளி. கடுகு தூவிய மாதிரி. தொடையில் ஒரு பெரிய கருநீலம், எங்கும் இடித்துக்கொண்ட ஞாபகம் இல்லை. எச்சில் துப்பினால் ரத்தம்.

நோய் உள்ளே இறங்கிவிட்டதா? கையை விட்டுவிட்டு உள்ளே போயிருக்கிறதா, அதனால்தான் விரல் லேசானதா? அப்படியும் நடக்குமா? யாரைக் கேட்பது? டாக்டரம்மாவைப் பார்க்க அடுத்த மாதம்தான் தேதி. முன்னாலேயே போனால் படுக்கச் சொல்வார்கள். படுத்தால் கீதாவுக்குச் சொல்ல வேண்டும். பரீட்சை நேரம்.

அவரிடம் புள்ளியைக் காட்டவில்லை. புடவையை இழுத்து விட்டுக்கொண்டேன்.

பயமா இருக்கு. பயமா இருக்குன்னு எழுதினா குறையும்னு நினைச்சேன், குறையல.

23 பிப்ரவரி, ஞாயிறு

மாத்திரை போட்டேன். கஞ்சி.

24 பிப்ரவரி, திங்கள்

குளிர் ஜுரம். தலையணையில் கொத்தாக முடி. செல்லம்மா அக்கா வந்து பார்த்துவிட்டுப் புடவையை விலக்கினார். என் காலைப் பார்த்தார். உடனே வெளியே போய் என் வீட்டுக்காரரிடம் என்னவோ சத்தம் போட்டார். நாளை விடியும்போது ஜீப் வருமாம். அமிர்தி வழியாக இறங்கி, கணியம்பாடி போய், வேலூர்.

கீதா, அம்மா உனக்கு ஒரு

3 மார்ச், திங்கள், வேலூர், ஆஸ்பத்திரி

அந்த வரியை என்னவென்று எழுத வந்தேனோ, நினைவில்லை.

ஆறு நாள் ஆயிற்று. இன்றைக்குத்தான் பேனா பிடிக்க முடிகிறது. ரத்தம் ஏற்றினார்கள். ஊசி மேல் ஊசி. வெள்ளை அணு ஆயிரத்துக்கும் கீழே இருந்ததாம், நான்காயிரமாவது இருக்க வேண்டுமாம். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்று நர்ஸ் ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நிறுத்தாமலேயே சொல்லியிருக்கலாம்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். வந்த மறுநாள் டாக்டரம்மா என் கட்டிலுக்கு வந்தார். "உண்மையைச் சொல்லுங்க. அந்த மாத்திரையைத் தினமும் போட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. ஞாயித்துக்கிழம மட்டும். என் பொண்ணு மேல சத்தியமா" என்றேன். என் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன். கணக்குச் சரியாக இருந்தது. எத்தனை ஞாயிறோ அத்தனை ஓட்டை.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "அப்போ இது எப்படி?" பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க வேற ஏதாவது கொடுத்தீங்களா? வேர், பச்சிலை, கஷாயம்?"

அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். சட்டைப் பையில் கை விட்டு இரண்டு அட்டைகளை எடுத்தார். அதே மாத்திரை. பதினாறு குழி. பதினாலு காலி. இரண்டு மிச்சம்.

"கஞ்சியில பொடி பண்ணி போட்டேங்க" என்றார்.

புளி விலை கேட்கக் கீழே போன அன்று, என் காலி அட்டை ஒன்றைக் காட்டி ஏதோ ஒரு மருந்துக் கடையில் வாங்கியிருக்கிறார். சீட்டு கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். பதினாலு நாள், பதினாலு டம்ளர். மிச்சம் இரண்டையும் இங்கே எனக்குக் கொடுப்பதற்காகத்தான் கொண்டு வந்திருந்தார்.

டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஏன்?" என்று மட்டும் கேட்டார்.

அவர் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"விடிகாலையில போர்வைக்குள்ள ஒவ்வொரு விரலா புடிச்சி மடக்குவ. நான் தூங்கறா மாதிரி படுத்துன்னு இருப்பேன். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணின்னு இருப்பேன். சுண்டுவிரலு வரும்போது மூச்ச அடக்குவ. ஞாயித்துக்கிழம மாத்திர போட்டா மறுநாளு கொஞ்சம் சீக்கிரம் முடிஞ்சிடும். வியாழன், வெள்ளி வந்தா தாங்காது. தெனம் போட்டா தெனமும் நல்லா இருப்பன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"மருந்த சொல்லிக் குடுத்தா பலிக்காது."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. என் மாமனார் மஞ்சள் காமாலைக்கும் பூச்சிக் கடிக்கும் பச்சிலை கொடுத்தவர். எங்கள் பக்கத்தில் இலையின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அரைப்பதைக் காட்டவும் மாட்டார்கள். சொன்னால் வீரியம் போய்விடும். நோவு கூடினால் உருண்டையைக் கூட்டுவார்கள், அவ்வளவுதான். அவர் தன் அப்பா செய்ததைச் செய்திருக்கிறார். பச்சிலைக்குப் பதில் இது.

5 மார்ச், புதன்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இந்த வார்டில் இதை இதுவரை ஐந்து பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். துப்புரவு செய்ய வரும் அம்மா உட்பட. ஆறாவது ஆள் வந்தால் போர்வையை மூடிக்கொள்வேன்.

அவர் வராந்தாவிலேயே இருக்கிறார். உள்ளே வருவதில்லை.

12 மார்ச், புதன், வீடு

வந்துவிட்டோம். புளி வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது.

சம்பூர்ணம் அண்ணி பார்க்க வந்தார். "நல்லா இருந்தவளுக்கு மருந்தக் குடுத்து நோயாளி ஆக்கிட்டான் எந்தம்பி" என்றார். அதாவது நான் அதற்கு முன்னால் நன்றாக இருந்தேன். இவரோடு பேசி ஜெயிக்க முடியாது.

18 மார்ச், செவ்வாய்

10.05.

அவர் அடுப்படிக்குள் வருவதே இல்லை. செல்லம்மா அக்கா காலையில் கஞ்சி கொண்டு வருகிறார். அதையும் நான் முதலில் நாக்கு நுனியால் தொட்டுப் பார்க்கிறேன். அடியில் பொடி தங்கியிருக்கிறதா என்று டம்ளரைச் சாய்க்கிறேன். செல்லம்மா அக்கா பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார். பாவம்.

எனக்குத் தெரியும், அவர் வேண்டுமென்று செய்யவில்லை. தெரிந்தும் அவர் செம்பில் தண்ணீர் நீட்டினால் கை தயங்குகிறது. அவரும் அதைப் பார்த்துவிட்டார். செம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுகிறார், நானாக எடுத்துக்கொள்ளட்டும் என்று.

27 மார்ச், வியாழன்

10.45. மாத்திரை நிறுத்தி ஒரு மாதம். பழையபடி.

கோபம் இன்றைக்குத்தான் வந்தது. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா என்ன? ஒரே ஒரு வார்த்த. எலி மருந்து வெக்கிற மாதிரி கஞ்சியில கலந்து — நான் செத்திருந்தா? கீதாவுக்கு என்ன சொல்லியிருப்ப? நானும் அதக் குடிச்சிட்டு நல்லா கீதுங்க, நல்லா கீதுங்கன்னு —

இரண்டு மணி நேரம் கழித்து எழுதுகிறேன். கேட்டார். பிப்ரவரி ஐந்தாம் தேதி "இன்னா?" என்று கேட்டிருக்கிறார், நானே எழுதி வைத்திருக்கிறேன். அதற்கு நான் என்ன சொன்னேன் என்றும் எழுதியிருக்கிறேன். ஒன்றரை வருஷமாகத் தினமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதனால் கோபம் போய்விடவில்லை. ஆனால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

8 ஏப்ரல், செவ்வாய்

11.20. இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. சுண்டுவிரல் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்தாற்போல் இருக்கிறதா? நேற்று இப்படி இருந்ததா? அத்தைக்கும் சுண்டுவிரலில்தான் தொடங்கியது.

17 ஏப்ரல், வியாழன்

வேலூர் போய் வந்தோம். ரத்தம் சரியாகிவிட்டது. டாக்டரம்மா இந்த நோட்டை வாங்கி நேரங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தார். மற்றதைப் படிக்கவில்லை, நல்லவேளை.

"மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கணும். பாதி அளவு, வாரம் ஒரு நாள். பதினைந்து நாளுக்கொரு தடவை ரத்தம் பார்ப்போம்" என்றார்.

என் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. அதே மாத்திரையா?

"அந்த மாத்திரை வேணாங்கம்மா" என்றார் என் வீட்டுக்காரர். "எங்க வூட்டுக்குள்ள அது வேணாம்."

"அது இல்லாட்டி இவங்க கை கோணிக்கும். கோணினா நிமிராது. மாத்திரை தப்பு பண்ணலை" என்றார் டாக்டரம்மா.

பஸ்ஸில் கணியம்பாடி தாண்டும் வரை மருந்துப் பை என் மடியில் இருந்தது. பாம்பைச் சுருட்டி வைத்த மாதிரி பிடித்திருந்தேன். மலை ஏற ஆரம்பித்ததும் அவர் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

20 ஏப்ரல், ஞாயிறு

10.55.

போடுவதா வேண்டாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். போட்டால் மறுபடி அந்தச் சிவப்புப் புள்ளி வருமோ என்று பயம். போடாவிட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டே மெல்ல வேண்டி வருமோ என்று பயம். இரண்டில் எந்தப் பயத்தோடு இருக்க முடியும் என்பதுதான் கேள்வி. கடைசியில் புள்ளிப் பயமே பரவாயில்லை என்று பட்டது. அதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

சாப்பிட்ட பிறகு அட்டையை எடுத்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மாட்டுக் கொட்டகை ஓரம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கட்டை விரலால் அழுத்தினேன். மாத்திரை வெளியே வரவில்லை. பல்லால் கடித்தேன். கத்தரி எடுத்தேன், கத்தரியைப் பிடிக்க முடியவில்லை. விரல் மடங்கினாலும் அதில் பலம் இல்லை, பதினொரு மணிக்கும் என் கை இந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. செல்லம்மா அக்காவைக் கூப்பிடலாம் என்று வாசல் வரை போனேன். அங்கேயே நின்றேன்.

"ஏங்க" என்றேன். "விரலு வரல. வந்து எடுத்துக் குடுங்க."

அவர் திரும்பவில்லை. "என்னால ஆவாது தேவயானி."

"எனக்கும் பயமாத்தான் கீது. வாங்க."

வந்தார். அட்டையை வாங்கினார். ஒரு மாத்திரையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். நான் உடனே விழுங்கவில்லை.

"பேரச் சொல்லிக் குடுங்க" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சொன்னால் பலிக்காது என்று அவர் அப்பா சொன்னது மனதில் ஓடியிருக்கும், எனக்குத் தெரியும். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்துச் சொன்னேன், அவர் திருப்பிச் சொன்னார். மூன்று தடவை தடுக்கி, நான்காவது தடவை முழுதாக வந்தது. பிறகு அவராகவே, "ஞாயித்துக்கிழம. ஒண்ணு. அடுத்த ஞாயிறு வரைக்கும் கெடையாது" என்றார்.

விழுங்கினேன். அவர் நகரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அங்கேயே விழுந்துவிடுவேன் என்பது போல. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

21 ஏப்ரல், திங்கள்

10.40.

விடிகாலையில் முதல் விரலைப் பிடித்ததும், "வலிக்குதுங்க" என்றேன். அவர் இருட்டிலேயே எழுந்து உட்கார்ந்து, "எங்கெங்க வலிக்குது?" என்று கேட்டார்.

சொல்ல ஆரம்பித்தேன். கட்டை விரலில் தொடங்கி, வலி எப்படி வருகிறது, எந்த மூட்டில் குத்துகிறது, எதில் எரிகிறது, குழந்தை நழுவியது, அத்தை, எல்லாவற்றையும். நான் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிட்டது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நேரம் தாண்டி, அது கத்திக்கொண்டிருந்தது. அவர் எழுந்து போகவில்லை.